நிதி திரட்டிய பெண்ணும் இரண்டு அரியரும்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் பெண், கல்லூரிக் காவலாளியின் மகனுடைய அறுவை சிகிச்சைக்காகத் தோழிகளுடன் சேர்ந்து உணவுத் திருவிழா நடத்திப் பணம் திரட்டியிருக்கிறாள். அந்த செமஸ்டரில் இரண்டு அரியர். இப்போது "பி.காம். வேண்டாம், சமூகப்பணி படிக்கப் போகிறேன்" என்கிறாள். இதையெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, மிச்சப் பணம் 80,000 ரூபாய்க்கு மேல் அவள் வங்கிக் கணக்கிலேயே கிடக்கிறது என்பதைப் போகிற போக்கில் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வேலையாகத் தெரிகிறது.

யாராவது ஒருவர் ஜீபே எண்ணைக் கொடுக்கத்தானே வேண்டும், இவள் கொடுத்திருக்கிறாள். நல்ல எண்ணம்தான். ஆனால் வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் எண்ணம் தெரியாது, வரவு மட்டும்தான் தெரியும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வரும் பணம், வாங்கியவரின் வருமானமாகவே பார்க்கப்படலாம். வேறு வருமானம் இல்லாத மாணவிக்கு இந்தத் தொகையால் வரி வந்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் யாருக்காக வாங்கிய பணம், அது யாரிடம் போனது என்று காட்டக் கையில் காகிதம் இருக்க வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்துடன் ஒரு கடிதம், வரவு செலவுப் பட்டியல், பணம் பெற்ற குடும்பம் கொடுத்த ரசீது, இவ்வளவும் ஒரு ஃபைலில் இருக்கட்டும். தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் அதைக் காட்டிவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பியும் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் அந்தத் தொகையைத் தனியாக வைத்து, அதைப் பற்றியும் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் தொடுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களிடம் நன்கொடை வாங்குவதற்கு 2010-ஆம் ஆண்டில் இயற்றிய தனிச் சட்டமே இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் துபாயில் இருக்கும் சித்தப்பா தன் சம்பளத்திலிருந்து அனுப்பியதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

சரி, பணம் ஏன் மிஞ்சியது? பாதி வசூல் முடிந்த பிறகுதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அந்தக் குடும்பத்திடம் இருப்பது தெரிந்ததாம், அறுவை சிகிச்சை அதிலேயே நடந்துவிட்டதாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு அந்தத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் காவலாளியின் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் இது தெரிந்திருக்கும். மாணவர்கள் செய்யும் வசூல்களில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை இது. மேடை, மைக் செட், ஃபிளெக்ஸ், ஸ்டால் எல்லாவற்றையும் பத்துத் தடவை பேசுவார்கள். உதவி வாங்கப் போகிறவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே ஒரு தடவை கேட்கமாட்டார்கள். பையனின் படத்தை ஃபிளெக்ஸில் பெரிதாகப் போட்டதில் அவன் அப்பாவுக்கு மனக்கஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். இருக்காதா பின்னே? தினமும் வாசலில் நின்று பிள்ளைகளுக்கு கேட் திறந்துவிடுகிற மனிதர் அவர். அந்தப் படம் இன்னும் இன்ஸ்டாகிராமில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அதற்காக அந்தக் குடும்பத்துக்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துக்கொள்ளும். கூட இருந்தவர்களின் சாப்பாடு, தங்கிய செலவு, லீவு போட்டதில் போன சம்பளம், மறுபரிசோதனைக்குப் போய்வரும் பஸ் காசு, இவையெல்லாம் அந்த பில்லில் வராது. ஆகவே முதலில் அவர்களிடம் பேசி ஒரு பட்டியல் எடுக்கட்டும். பிறகு பணம் கொடுத்த எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி: அறுவை சிகிச்சை காப்பீட்டில் முடிந்தது, மிச்சம் இவ்வளவு, இந்தச் செலவுகளுக்குக் கொடுக்க நினைக்கிறோம், சம்மதம் இல்லாதவர்கள் இந்தத் தேதிக்குள் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுகிறோம். அறுவை சிகிச்சைக்கு என்று கேட்டு வாங்கிய பணத்தை, கொடுத்தவர்களைக் கேட்காமல் வேறொரு நல்ல காரியத்துக்குத் திருப்புவதும் சரியில்லை. தோழிகளில் ஒருத்தி "ஆசிரமத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்கிறாளாம். கொடுத்தவர்கள் சரி என்றால் கொடுக்கட்டும்.

இந்தச் செய்தியை எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் இந்த நிகழ்ச்சியில் வேலைவாய்ப்புக்கு உதவப்போகும் பகுதி என்று ஏதாவது உண்டென்றால் அது இதுதான். பயோடேட்டாவில் 'சாரிட்டி ஈவென்ட் நடத்தினேன்' என்ற வரியை நேர்காணல் செய்பவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். அந்த வரிக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை. எவ்வளவு வந்தது, செலவு எவ்வளவு, போய்ச் சேர்ந்தது எவ்வளவு, இதில் உங்கள் பங்கு என்ன, இடையில் என்ன கோளாறு வந்தது, அதை எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேட்பார்கள். முதல் மூன்றுக்கு எண்ணில் பதில் வேண்டும். சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய சால்வையும் நினைவுப் பரிசும் எந்தக் கணக்கில் போனது என்றுகூட ஒருவர் கேட்கலாம். நன்கொடைப் பணத்தில் சால்வை வாங்குவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்காது.

சமூகப்பணி ஆசைக்கு வருவோம். சமூகப்பணியில் முதுகலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ. படிக்க ஏதாவது ஒரு பட்டம் போதும், பி.காம். முடித்தவர்களும் சேரலாம். எனவே இப்போது படிப்பை விட வேண்டிய அவசியமே இல்லை. 1952-இல் தொடங்கிய சென்னை எழும்பூரின் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க், திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 1936-இல் தொடங்கிய மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் படிப்பு உணவுத் திருவிழா மாதிரி இருக்காது என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். வாரத்தில் சில நாள் களப்பணி, அதற்கு அறிக்கை, வீடு வீடாகப் போய் விசாரிப்பது, யாரும் கைதட்டாத வேலை. ஆரம்பச் சம்பளமும் பெரும்பாலும் குறைவுதான். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு மாதம் வேலை செய்து பார்க்கட்டும். அதன் பிறகும் இதே ஆசை இருந்தால் தடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய ஒரு விஷயம் எனக்கு நிறைவாகப் பட்டது. விற்ற டோக்கனுக்கும் வந்த பணத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை என்று இரவு வெகுநேரம் அடிக்கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள், அதில் ஒரு தோழியுடன் சண்டையே வந்துவிட்டது என்கிறீர்கள். மேடையில் மைக் பிடித்தவள் அவள் இல்லை போலிருக்கிறது. யாரும் சொல்லாமல் ஒருவர் இழுத்துப்போட்டுச் செய்கிற வேலையில்தான் அவருடைய போக்கு தெரியும் என்பது என் அனுபவம். கணக்கு உதைத்தால் தூக்கம் வராத பெண்ணுக்குத் தணிக்கைத் துறை பொருந்தும். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிப்பில் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். சேவையையும் கணக்கையும் சேர்த்தே வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தை வாங்கும் தொண்டு நிறுவனங்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்டியாக வேண்டும். களத்தையும் தெரிந்து கணக்கையும் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. அவளிடம் இதை ஒரு யோசனையாக மட்டும் சொல்லுங்கள், முடிவாகச் சொல்லாதீர்கள்.

இன்னொரு தடவை இப்படி ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து செய்யட்டும். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை, பொறுப்புக்கு ஒரு பேராசிரியர் இருப்பார். வசூல் என்று வந்தால் அவர் மூலமாகக் கல்லூரி அனுமதி வாங்கிக் கல்லூரிக் கணக்கிலேயே பணம் வரும்படி செய்துகொள்ளலாம்.

அரியர் பற்றி உங்கள் பயம் நியாயமானதுதான். வளாக நேர்காணலுக்கு வரும் பல நிறுவனங்கள் 60 சதவீதம் கேட்கின்றன, எழுதி முடிக்காத அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. ஆனால் எழுதி முடித்த அரியரைப் பெரிய குறையாக எல்லோரும் பார்ப்பதில்லை. வரும் செமஸ்டரிலேயே இரண்டையும் எழுதிவிடட்டும், ஐந்தாவது செமஸ்டருக்குத் தள்ளிப்போட்டால் வேலைத் தேர்வுகளும் அதே நேரத்தில் வந்து நிற்கும். தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி அறிவிப்புப் பலகையில் வந்துவிட்டதா என்று நாளைக்கே பார்த்துவரச் சொல்லுங்கள்.