தாய்ப்பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்கிறார்களே, நம்பலாமா?

கேள்வி கேட்ட தங்கச்சியின் நிலைமை இது: குழந்தைக்கு மூன்று மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறார், மாதவிடாய் இன்னும் வரவில்லை. பேறுகால லீவு முடிந்து அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறார். “பால் குடிக்கிற பிள்ளை மடியில இருக்கும்போது வயித்துல இன்னொண்ணு தங்காதும்மா, பயப்படாதே” என்று மாமியார் தைரியம் சொல்கிறார். நம்பி இருக்கலாமா என்று கேட்கிறார்.

இன்றைக்கு வரைக்கும் நம்பலாம். அடுத்த வாரத்திலிருந்து வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பினாங்கில் இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வளர்த்தவள். மூத்தவனை வீட்டில் இருந்தபடி, சின்னவளை பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டு. ஒரே உடம்புதான், ஆனால் இரண்டு தடவையும் அது நடந்துகொண்ட விதம் வேறு. அதனால் கிளினிக்கில் மிஸ்ஸியை, அதாவது நர்ஸை, போட்டுக் குடைந்து எடுத்தேன், கிடைத்ததையெல்லாம் படித்தும் பார்த்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கரு தங்காமல் தடுப்பது பிள்ளை மார்பைச் சப்புகிற வேலைதான். மார்பில் எவ்வளவு பால் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பிள்ளை சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் வழியாக மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிக்குச் செய்தி போகிறது. சாதாரண நாட்களில் அங்கிருந்து ஒரு ஹார்மோன் விட்டுவிட்டுத் துடிப்பாகச் சுரக்கும். அந்தத் துடிப்பு பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பி எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை விடச் செய்யும். சூலகத்தில் முட்டை முதிர்ந்து வெளியே வருவது அதனால்தான். பிள்ளை அடிக்கடி சப்பிக்கொண்டிருந்தால் மேலே இருக்கிற அந்தத் துடிப்பே குலைந்துவிடும். முட்டை முதிராது, மாதவிடாயும் வராது. பால் சுரக்க வைக்கிற புரோலாக்டினும் அதே சப்பலால்தான் ஏறுகிறது.

ஆகவே ஃப்ரீசரில் பை பையாகப் பாலை எடுத்து அடுக்கி வைத்திருப்பது உங்கள் சூலகத்துக்குத் தெரியாது. கடைசியாகப் பிள்ளை எப்போது வாய் வைத்தது என்பதுதான் அதற்குக் கணக்கு. சௌரஸ்தா மார்க்கெட்டில் சுறா வாங்கிவந்து புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை என்று மாமியார் பத்தியம் போடுவதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். ஆனால் பால் நன்றாக ஊறுகிறது என்பதை வைத்துக் கரு தங்காது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் குங் என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி 1980இல் வந்த ஓர் ஆய்வில், பிள்ளைகள் பகலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பல தடவை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம்தான், பால் குடிப்பதைப் பார்த்தார்கள். இரவிலும் அம்மா பக்கத்தில்தான் படுக்கை. கருத்தடை எதுவும் கிடையாது, ஆனாலும் பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஏறக்குறைய நான்கு வருட இடைவெளி. பால் எவ்வளவு குடித்தது என்பதைவிட எவ்வளவு அடிக்கடி குடித்தது என்பதே பெரிய காரணம் என்பது அந்த ஆய்வின் முடிவு. உங்கள் மாமியாரும் ஒரு வேளை தோட்டத்திலோ கிராமத்துக் கம்பத்திலோ பிள்ளையை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவராக இருக்கலாம். அப்படியானால் அவர் அனுபவத்தில் சொல்கிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, எவ்வளவு நாள் நம்பலாம்? 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோ என்ற ஊரில் நிபுணர்கள் கூடி ஒரு வரையறைக்கு வந்தார்கள். பிரசவமாகி ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. மாதவிடாய் வந்திருக்கக் கூடாது. பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும், அல்லது அநேகமாகத் தாய்ப்பால் மட்டும், கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து இருந்தால் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. கருத்தடை மாத்திரை, ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய அளவு அது. மூன்றில் ஒன்று போனாலும் அந்த உறுதி போய்விடும்.

இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் நம் வீடுகளில் ஓட்டை விழுகிறது. “தாய்ப்பால் மட்டும்தான்” என்று எல்லோரும் சொல்வோம். பிள்ளை அழுதால் பாட்டி கொஞ்சம் ஓமத்தண்ணீர் கொடுப்பார், ராத்திரி நன்றாகத் தூங்கட்டும் என்று ஒரு புட்டி பால்மாவு, நடுவில் வாய்க்கு ரப்பர் சூப்பி. ஒவ்வொன்றும் ஒரு சப்பலைக் கழித்துவிடுகிறது. பகலில் இரண்டு தடவைக்கு நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக்கூடாது என்று சொல்வார்கள். பிள்ளை விடிய விடிய எழாமல் தூங்க ஆரம்பித்ததும் நாம் மொட்டை மாடிக்கு ஏறிக் கொண்டாடுவோம். சூலகமும் அப்போதுதான் விழிக்கிறது.

இரண்டாவது நிபந்தனைக்கு ஒரு சின்னக் குறிப்பு. பால் மட்டும் கொடுக்கிறவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு முதல் எட்டு வாரத்துக்குள் படுகிற இரத்தத்தை மாதவிடாயாகக் கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பட்டால் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். நம் மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பேறுகால லீவு 98 நாள். அதற்கு முன்பு 60 நாள்தான், நான் சின்னவளைப் பெற்றது அந்தக் காலத்தில். 98 நாள் என்றால் பதினான்கு வாரம். ஆறு மாதத்தில் பாதியைத் தாண்டியதும் அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். வீட்டிலிருந்து கிளம்புவது, பாலத்திலும் சாலையிலும் நெரிசலில் நிற்பது, வேலை, திரும்புவது என்று பத்து மணி நேரம் எங்கே போனதென்று தெரியாது. அதற்குள் எத்தனை தடவை பம்பு வைத்தாலும் பிள்ளையின் வாய்க்கு அது முழுசாக ஈடாகாது. சிலி நாட்டில் வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். மாவுப்பால் கொடுக்காமல், பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனவர்களில் ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம். பிள்ளையோடு இருந்து இதே முறையைப் பின்பற்றியவர்களிடம் அதே நாட்டில் அது அரை சதவீதத்துக்கும் குறைவு. 5 சதவீதம் பெரிய எண் இல்லைதான். ஆனால் அந்த ஐந்து பேரில் நீங்கள் இருந்தால் உங்களுக்கு அது நூறு.

எனக்கு எப்படி நடந்தது என்றால், மூத்தவனுக்கு ஒரு வயது தாண்டியும் மாதவிடாய் எட்டிப் பார்க்கவில்லை. இரவெல்லாம் அவன் என்மேல்தான் கிடப்பான். சின்னவளுக்குப் பம்புதான். எங்கள் ஃபேக்டரியில் தொழுகை அறையை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு ஃப்ரிட்ஜ், பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. கதவில் தாழ்ப்பாள் சரியாகப் பிடிக்காது, அதனால் ஒருத்தி பம்பு பண்ணினால் இன்னொருத்தி முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு நிற்பாள். அந்த அறையில்தான் இந்த மாதிரிப் பேச்செல்லாம் நடக்கும். மலாய்க்கார அக்கா, சீனப் பெண், நான், எல்லோருக்கும் வீட்டில் இதே புத்திமதிதான் சொல்லியிருந்தார்கள். நைட் ஷிப்டு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே எனக்கு மாதவிடாய் வந்துவிட்டது. பால் குறையவே இல்லை, பை பையாக எடுத்துக்கொண்டு போனேன். ராத்திரிச் சப்பல் நின்றதுதான் விஷயம் என்று மிஸ்ஸி சொன்னார்.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். “மாதவிடாய் வரட்டும், அப்புறம் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளலாம்” என்று பலர் இருக்கிறார்கள். பல பேருக்கு முதலில் முட்டை வெளிவரும், இரண்டு வாரம் கழித்துத்தான் இரத்தம் படும். அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால் இரத்தம் படுவதற்கு வழியே இல்லை. பட்டர்வொர்த்தில் என் நாத்தனாருக்கு இதுதான் நடந்தது. பிள்ளைக்குப் பத்து மாதம், கஞ்சி, இட்லி எல்லாம் சாப்பிட்டுக்கொண்டு பாலும் குடிக்கிறான். இவளுக்கு வயிறு உப்புசம், குமட்டல். வாயு என்று இஞ்சியும் சீரகமும் தட்டிப்போட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் நாலு மாதக் கரு. “நான் குளிக்கவே இல்லையே அண்ணி, எப்படி?” என்று, மாதவிடாயே வரவில்லையே என்ற அர்த்தத்தில், என்னைத்தான் கேட்டாள். பிறந்தவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், அண்ணனும் தங்கையும் ஒரே சட்டைக்குச் சண்டை போடுகிற அளவுக்கு உயரமும் ஒன்றுதான்.

ஆறு மாதம் என்று கோடு போட்டதற்கும் இதுவே காரணம். முதல் ஆறு மாதத்தில் வருகிற முதல் மாதவிடாய் பெரும்பாலும் முட்டை இல்லாமலேயே வருகிறது, அதாவது உடம்பு மணி அடித்து எச்சரித்துவிடுகிறது. நாளாக ஆக, எச்சரிக்கை இல்லாமல் முட்டை முந்திக்கொள்வது அதிகமாகிறது. ஆறாவது மாதத்தில் கஞ்சியும் ஆரம்பிப்பதால் சப்பலும் குறையும். பால் கொடுக்காத தாய்மாருக்கு இந்தத் தயவும் இல்லை. பிரசவமாகி நான்கு வாரத்திலேயே சிலருக்கு முட்டை வந்துவிடும்.

ஆகவே என்ன செய்வது? அரசாங்கக் கிளினிக்கில் பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போதே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அவர்களே உங்கள் கர்ப்பகாலப் பதிவு இருக்கிற பிங்க் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு கேட்பார்கள். அரசாங்கத்தின் குடும்பநல வாரியமான எல்.பி.பி.கே.என். கிளினிக்குகளிலும் கருத்தடை வசதி கிடைக்கும். பால் கொடுப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த சாதாரண மாத்திரையை ஆறு மாதம்வரை தவிர்க்கச் சொல்வார்கள், பால் குறையக்கூடும் என்பதால். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மினி மாத்திரை, கையில் வைக்கும் இம்ப்ளான்ட், மூன்று மாத ஊசி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப் எல்லாம் பாலுக்குத் தொந்தரவு தராதவை. மினி மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்துக்குப் போட வேண்டும். ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்கு அது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம், நான் லூப்தான் வைத்துக்கொண்டேன். ஊசியில் ஒரு சங்கதி: நிறுத்திய பிறகும் முட்டை திரும்ப வருவதற்குப் பல மாதம் பிடிக்கலாம். அடுத்த பிள்ளையைச் சீக்கிரம் நினைத்திருந்தால் அதை யோசித்துக்கொள்ளுங்கள். ஆணுறையும் இருக்கிறது, வீட்டுக்காரரும் கொஞ்சம் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டுமே.

பின்னூட்டத்தில் இதற்கு நேரெதிராகக் கேட்கிறவர்களும் இருப்பார்கள்: எனக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது, அடுத்த பிள்ளை வேண்டும், பாலை நிறுத்தியே ஆக வேண்டுமா? மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் அவசியமில்லை, பால் கொடுத்துக்கொண்டே கருத்தரிக்கிறவர்கள் நிறைய. திரும்பி வருகிற முதல் சில மாதங்களில் முட்டை வந்தாலும் அதற்கும் அடுத்த மாதவிடாய்க்கும் நடுவிலுள்ள நாட்கள் குறைவாக இருப்பதால் கரு பதிய மாட்டாமல் போகலாம், பிறகு தானே சரியாகும். மாதவிடாயே வராவிட்டால் ஒரேயடியாக நிறுத்தாமல் முதலில் ராத்திரிப் பாலைக் குறைத்துப் பாருங்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்றும் தங்காவிட்டால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. பொதுவாக ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு 24 மாதமாவது விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபரேஷன் செய்து பெற்றவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும், கர்ப்பப்பைத் தையல் ஆற அவகாசம் வேண்டுமல்லவா.

தங்கச்சி, உங்களுக்கு இன்னும் ஒன்றுதான். வேலைக்குத் திரும்பிய பிறகு எப்போதாவது சந்தேகம் வந்தால் “இன்னும் பீரியடே வரலையே” என்று நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபார்மசியில் கிட் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். பால் கொடுப்பதால் அந்தச் சோதனை தப்பாகக் காட்டாது.