புகையை விட்ட பின்னும் மூச்சு இளைக்கிறதே?

கேள்வி: எனக்கு 61 வயது. புகையிலைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். இருபது வயதில் தொடங்கி நாளொன்றுக்குப் பதினைந்து சிகரட் வரை புகைத்தேன். எட்டு மாதங்களுக்கு முன் அடியோடு விட்டுவிட்டேன். ஆயினும் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் வெளிவீதியை ஒருமுறை சுற்றி வருவதற்குள் மூச்சு இளைத்து இரண்டு இடங்களில் நிற்கவேண்டியிருக்கிறது. விட்ட புதிதில் மனைவியோடு எரிந்து விழுந்தேன். "இந்த வயதில் விட்டு என்ன பயன்?" என்று கூட்டாளிகள் கேட்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.
– ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: ஐயா, ஒருநாளும் புகைக்காத உங்கள் வயதினரோடு உங்களை ஒப்பிட்டால் மனம் சோரத்தான் செய்யும். நீங்கள் ஒப்பிடவேண்டியது, இந்த எட்டு மாதமும் தொடர்ந்து புகைத்திருந்தால் இன்று எப்படி இருந்திருப்பீர்களோ அந்த மனிதரோடு.

உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்க ஆய்வாளர்கள் எஸ்.எஃப்.36 என்ற வினாக்கொத்தைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். படியேற முடிகிறதா, கடைச் சாமானைத் தூக்கி வர முடிகிறதா, உடலில் நோவு உண்டா, மனம் அமைதியாக இருக்கிறதா என்று 36 கேள்விகள் அதில் உள்ளன. பொதுவாகப் புகைப்பவர்கள் இதில் குறைந்த புள்ளிகளையும், விட்டவர்கள் அவர்களைவிடக் கூடிய புள்ளிகளையும் பெறுகிறார்கள். புகைக்காதவர்களின் அளவை விட்டவர்கள் எல்லோரும் எட்டிவிடுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

காரணம் நுரையீரலில் இருக்கிறது. முதிர்ந்த வயதில் எவருக்கும் மூச்சின் கொள்ளளவு வருடந்தோறும் சிறிது குறையும். புகையால் பாதிக்கப்படுபவர்களுக்கு அது மிக வேகமாகக் குறையும். விட்டதும் அந்த வேகம் தணிந்து, ஏறக்குறையப் புகைக்காதவரின் வேகத்துக்கு வருகிறது. ஆனால் அழிந்துபோன காற்றறைகள் மீண்டும் முளைப்பதில்லை. உங்கள் இளைப்பு இழந்ததன் அடையாளமாக இருக்கலாம். நீங்கள் தடுத்து நிறுத்தியிருப்பது இனி இழக்கவிருந்ததை.

மனத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் சிகரட்தான் மனத்தை ஆற்றுகிறது என்று நம்பி மறுபடி பற்றவைப்பவர்கள் பலர். அது ஆற்றுவது, பெரும்பாலும், முந்திய சிகரட்டிலிருந்து வந்த நிக்கொற்றின் உடலில் குறைந்ததால் வந்த பதற்றத்தைத்தான். விட்ட முதல் சில வாரங்களின் எரிச்சல் அடங்கிய பின், பதற்றமும் மனச்சோர்வும் புகைத்த காலத்தைவிடக் குறைவதாக 2014இல் வெளியான, 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு காட்டியது. உங்கள் மனைவியிடமே கேட்டுப் பாருங்கள்.

கூட்டாளிகளுக்கு ஒரு கணக்கு: பிரித்தானிய வைத்தியர்களை 50 வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 60 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக மூன்று வருட ஆயுள் கூடியிருந்தது. இலங்கையில் விட விரும்பும் எவரும் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். சுருட்டுக்கு மாறினால் போதும் என்று சிலர் சொல்வதை நம்பவேண்டாம்.

எட்டு மாதத்துக்குப் பின்னும் நீடிக்கும் இளைப்பை "பழைய புகைதானே" என்று விட்டுவிடாதீர்கள். இருதயமும் காரணமாக இருக்கலாம். வைத்தியசாலையில் ஸ்பைரோமெட்ரி எனப்படும் ஊதிப் பார்க்கும் பரிசோதனையையும் ஈ.சி.ஜி.யையும் செய்வியுங்கள், சளியில் இரத்தமோ நெஞ்சு நோவோ இருந்தால் அன்றைக்கே போங்கள். மருந்தோடு பயிற்சியும் கிடைத்தால் நடக்கும் தூரம் கூடக்கூடும். வைத்தியர் அனுமதித்த பின் அதே வெளிவீதியை மெதுவாகச் சுற்றி, எத்தனை இடங்களில் நின்றீர்கள் என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்து, மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.