ரிப்போர்ட் முழுக்க ‘ஆர்’, டாக்டரோ மருந்தே எழுதவில்லை!

“மாமனாருக்கு 72 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. பத்து நாளாகச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தார்கள். யூரின் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ‘க்ளெப்சியெல்லா’ என்ற கிருமி வந்திருக்கிறது. மெரோபெனம் உட்பட எல்லா ஆன்டிபயாடிக்குகளுக்கும் ‘ஆர்’ (மருந்து கேட்காது), கோலிஸ்டினுக்கு மட்டும் ‘ஐ’ (இடைநிலை). காய்ச்சல் இல்லை. டாக்டரோ ஆன்டிபயாடிக் எதுவும் எழுதாமல், குழாயை எடுத்துவிட்டு டிஸ்சார்ஜ் என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அழைத்துப் போகலாமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

தாராளமாக அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லும் விவரப்படி டாக்டரின் முடிவு சரிதான்.

கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் ‘ஆர்’ வரிசைக்கே போகிறது. நான் முதலில் பார்ப்பது மேலே, சாம்பிள் எங்கிருந்து எடுத்தது என்ற வரியை. இதே கிருமி ரத்தத்தில் வளர்ந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக மருந்து ஏற்றியிருப்பார்கள். குழாய் போட்டவரின் சிறுநீர் கதை வேறு. குழாயின் உட்புறத்தில் கிருமிகள் பாசிபோலப் படியும். ஒரு மாதம் குழாய் இருந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் கல்ச்சரில் ஏதாவது வளரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி எதுவும் இல்லையென்றால் அது வெறுமனே தங்கியிருக்கும் கிருமி; அதற்கு மருந்து வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப்பாதையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் மட்டும் கணக்கு மாறும்.

‘ஆர்’ என்றால் மாமனாரின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, எதிர்த்து நிற்பது கிருமி. மெரோபெனம் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதிகளை இத்தகைய கிருமிகள் தயாரிக்கின்றன. அவற்றில் ஒன்றான என்.டி.எம்.-1, இந்தியாவில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் 2008-ல் கண்டறியப்பட்டது. 2010-ல் வெளியான ஆய்வு சென்னை நோயாளிகளிடமும் அதைக் காட்டியது. இந்த நொதிக்கான மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்குக் கைமாற்றாகக் கொடுக்கவும் இவற்றுக்குத் தெரியும்.

கோலிஸ்டினுக்கு ‘ஐ’ வந்ததில் பயப்பட ஒன்றுமில்லை. பல லேப்கள் பின்பற்றும் அமெரிக்க விதிமுறை 2020-லேயே அந்த மருந்துக்கு ‘எஸ்’ (மருந்து கேட்கும்) என்ற வகையை எடுத்துவிட்டது. கிடைக்கக்கூடிய நல்ல மார்க்கே ‘ஐ’தான்! ஆனால் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து. நோயே இல்லாதவருக்கு எதற்கு?

குழந்தை தாத்தா மடியில் உட்காரட்டும். தனித் தட்டு, தனி அறை வேண்டாம். சிறுநீர், மலம் படும் வேலைகளுக்குக் கையுறை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல், அவ்வளவுதான். காய்ச்சல், நடுக்கம், திடீர்க் குழப்பமான பேச்சு வந்தாலோ, குழாய் எடுத்து ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் பிரியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது ‘சுத்தமாகிவிட்டதா’ பார்க்க மறுபடி கல்ச்சர் கொடுக்காதீர்கள்.

அந்த ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்து எங்கே அட்மிட் ஆனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது, எந்தப் படுக்கையில் வைப்பது என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.