கேள்வி பதில்: மூன்று வளாகம், ஒரே சமூகப்பணி வகுப்பு

பாலக்காடு, இடுக்கி எல்லையோரக் கல்லூரிகளின் எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) மாணவர்களுக்குத் திரைவழி வகுப்பெடுக்கும் டீச்சர் ஒருவரிடம் ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்டவை.

மறையூர், மாணவர்: படிப்பை முழுக்க ஆன்லைனிலேயே முடிக்கலாமா டீச்சர்?
முடியாது தம்பி. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலையில்தான் இதை நடத்துகிறது. அங்கேயும் களப்பணிக்கு நேரில் போயே ஆக வேண்டும்.

அகளி, விரிவுரையாளர்: மூணாறு, அகளி, சித்தூர் மூன்றையும் இணைத்து நேரலை வகுப்பு எடுக்கிறேன். ஒரு மணி நேரமும் நான் மட்டுமே பேசுகிறேன். பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.
நீங்கள் பேசிக்கொண்டே இருந்தால் அவர்கள் எப்போது பேசுவது? பாடத்தை முந்தின நாளே பத்து நிமிட ஆடியோவாக அனுப்பிவிடுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு, வீட்டில் நிதானமாகக் கேட்கட்டும். நேரலை நேரத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

மக்களை ஒன்றுதிரட்டுவதைச் சொல்லித்தரும் சமுதாய அமைப்பு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமை என்று பெயர். மூணாறு பிள்ளைகளில் சிலருக்கு அது சொந்த வீட்டுக் கதை. அவர்கள் சொல்லட்டும். அகளி இருக்கும் அட்டப்பாடியின் பிள்ளை கேட்கட்டும்: 'எங்கள் ஊரில் இருளரும் முதுகரும் குறும்பரும் நிலத்துக்காகப் போராடுகிறார்கள். உங்களுக்கு எதிரே நிற்க ஒரு கம்பெனி இருந்தது. எங்களுக்கு எதிரே யார்?' சித்தூர்ப் பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதட்டும். ஒரே ஊர் வகுப்பில் இப்படி ஒரு விவாதம் கிடைக்காது.

குமுளி: ஜூம் நல்லதா, கூகுள் மீட்டா?
எது உங்கள் ஊரில் அறுந்துபோகாமல் ஓடுகிறதோ அது.

குப்பம்: ஆந்திராவில் டிகிரி முடித்தவர் கேரளாவில் சேரலாமா?
சேர்க்கை விதி என் பாடமில்லை. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் கேளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை, களப்பணி சூப்பர்வைசர்: களப்பணி ரிப்போர்ட்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னேன். வசதியாக இருக்கிறதே?
வசதிதான். ஆனால் ரிப்போர்ட்டில் வரும் குழந்தையின் பெயரும் ஊரும் குரூப் முழுக்க உலாவும். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 வழக்கிலோ பாதுகாப்பிலோ இருக்கும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் மாற்றி, உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டிப்பெரியார், விரிவுரையாளர்: கேமராவைக் கட்டாயமாக்கினேன். இல்லாவிட்டால் தூங்குகிறார்கள்.
தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஓர் அறை, ஓர் அடுப்படி. பின்னால் பாட்டி படுத்திருப்பாள், அப்பா சட்டை மாற்றுவார். அந்த வீட்டை வகுப்பு முழுக்கக் காட்டு என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்துகிறீர்கள்.

அதே விரிவுரையாளர்: முகம் பார்க்காமல் கேஸ் ஒர்க்கை (தனி ஆளோடு பேசி உதவும் சமூகப்பணியை) எப்படிக் கற்றுக்கொடுப்பது?
ரோல் ப்ளேக்கு முகம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு, நடிக்கும் இருவர் மட்டும், முன்கூட்டியே சொல்லிவைத்து கேமரா போடட்டும்.

தேவிகுளம், மாணவி: கேமரா போடாததால் எனக்கு அட்டெண்டன்ஸ் வெட்டினார்கள் டீச்சர்.
வண்டிப்பெரியார்: எல்லாரும் இதையே சாக்காகச் சொல்வார்கள்.
சிலர் சொல்வார்கள்தான். அவர்களைப் பிடிக்க வகுப்பு நடுவில் பெயர் சொல்லிக் கேள்வி கேளுங்கள், போதும். கேஸ் ஒர்க்குக்கு 1957இல் பீஸ்டெக் என்ற சமூகப்பணி அறிஞர் வகுத்த ஏழு கொள்கைகளைப் பரீட்சைக்குக் கேட்கிறோம். ரகசியம் காப்பதும், தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமையும் அதில் இருக்கின்றன. உங்களிடம் உதவி தேடி வரும் முதல் கிளையண்ட் உங்கள் மாணவிதான் என்று வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மாணவிக்கு: துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடும்மா, வாய்ச்சொல் நிற்காது.

பீர்மேடு: ஜூம் நல்லதா, மீட்டா?
குமுளிக்குச் சொன்னதே உங்களுக்கும்.

புதூர், மாணவர்: ரோல் ப்ளேயை ரெக்கார்ட் செய்து வைத்துக்கொள்ளலாமா?
நடித்தவர்கள் சம்மதித்தால் வைக்கலாம். பாடம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

சித்தூர், மாணவி: வீட்டுச் சந்திப்புப் படத்தை ஸ்டேட்டஸில் போட்டேன். முகத்தை மறைத்துவிட்டேன் டீச்சர்.
பள்ளிச் சீருடை? வாசலில் கட்டியிருக்கும் ஆடு? ஊர்க்காரன் அதை வைத்தே யார் வீடு என்று சொல்லிவிடுவான். இப்பவே எடுத்துவிடு.