மானிட்டரில் பிரஷர் 26, மருந்து ஏன் போடவில்லை?

குறைமாதப் பிள்ளைகளைப் பற்றி எது எழுதினாலும் பிரஷர் கேள்விதான் அதிகம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் ஐசியு வாசலில் உட்கார்ந்துகொண்டு போனில் தட்டிய கேள்விகள். 28 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்களைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

"பையன் 26 வாரத்தில் பிறந்தான், 780 கிராம். மானிட்டரில் 41/19, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 26 என்று காட்டுகிறது. எங்கப்பாவுக்கு 90க்குக் கீழே போனாலே ஓடி வருவார்கள், இங்கே யாரும் பதறவில்லையே?" (தங்கச்சிமடம்)

தம்பி, அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பது சராசரி அழுத்தம், நாங்கள் பார்ப்பது அதைத்தான். முதல் நாளில் பிள்ளை எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை இருந்தால் போதும் என்று ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறோம். 26 வாரத்துக்கு 26, சரியாகத்தான் இருக்கிறது. மருந்தே இல்லாமல் நாளுக்கு நாள் அது ஏறும், மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் 30ஐத் தாண்டிவிடுவார்கள். கைக்கணக்கு என்றுதான் சொன்னேன், அது வேதவாக்கு இல்லை; 24 காட்டினாலும் உடனே மருந்தை எடுக்க மாட்டோம். முதலில் பிள்ளையைப் பார்ப்போம்.

எப்படி? நெஞ்செலும்பின் மேல் ஒரு விரலை மெதுவாக அழுத்தி, ஐந்து எண்ணி எடுத்தால் அந்த இடம் வெளுத்திருக்கும். மூன்று விநாடிக்குள் மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அப்புறம் மூத்திரம். டயப்பரை நர்ஸ் தராசில் வைத்து எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள், வீண்வேலை மாதிரி தெரியும். உங்கள் பையன் ஆறு மணி நேரத்தில் ஐந்து மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் போனாலே சிறுநீரகத்துக்கு ரத்தம் போகிறது என்று எங்களுக்கு நிம்மதி. ரத்த ஓட்டம் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற அமிலம் ஏறாமல் இருக்க வேண்டும், கைகால் அசைவு இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் காத்திருப்பதும் வைத்தியம்தான். ஆனால் யாராவது ஒருவர் உங்களை உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும், அந்தக் குறை எங்கள் பக்கம்தான்.

"பிரஷரை ஏற்றிவிட்டால் நல்லதுதானே, அதில் என்ன கஞ்சத்தனம்?" (கீழக்கரை)

நம் ஊரில் குழாயடி தெரியாதவர் யாரும் இல்லை. குழாய் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிட்டு அடிக்கும், பார்க்க வேகம், ஆனால் குடம் நிறைய நேரமாகும். பிரஷரை ஏற்றும் டோபமைன் மருந்தை அளவு கூட்டிக்கொண்டே போனால் இதுதான் நடக்கலாம்: ரத்தக் குழாய்கள் இறுகி மானிட்டரில் எண் அழகாக ஏறும், மூளைக்கும் குடலுக்கும் போகிற ரத்தம் கூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு வேண்டியது குடம் நிறைவது.

இன்னொன்று, இந்தப் பிள்ளைகளின் மூளைக்குள் ஒரு பகுதியில் ரத்தக் குழாய்கள் ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். அழுத்தம் சட்டென்று ஏறி இறங்கினால் கிழிந்து கசியும், பெரும்பாலும் முதல் மூன்று நாளில்தான் இது நடக்கிறது. தலையில் ஸ்கேன் வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

சரி, டோபமைன் போட்டால் நல்லதா, பொறுத்திருந்தால் நல்லதா என்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 800க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேண்டும் என்று திட்டம், கடைசியில் 58 பேரோடு நின்றுபோய் 2021ல் வெளியானது. முடிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள்.

"ஒரு பாட்டில் சலைன் ஏற்றினால் சரியாகாதா?"

பாட்டிலா! 780 கிராம் பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே 65 மில்லி போலத்தான், டீக்கடை கிளாஸ்கூட நிறையாது. நாங்கள் சலைன் கொடுத்தாலும் கிலோவுக்கு 10 மில்லி, அதாவது இவனுக்கு 8 மில்லிக்கும் கீழே, அதையும் அவசரப்படாமல். பிரசவத்தில் ரத்தம் போயிருந்தால் ரத்தமே ஏற்றுவோம். காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தண்ணீர் ஏற்றுவது நுரையீரலுக்கும் மூளைக்கும் கெடுதல். டெஸ்டுக்கு ஒரு மில்லி ரத்தம் எடுப்பதுகூட உங்களிடம் 75 மில்லி எடுத்த மாதிரி, ஆகவே "ஏன் தினமும் டெஸ்ட் எடுக்கவில்லை" என்று சண்டைக்கு வராதீர்கள்.

"மருமகளுக்கு எப்போதும் லோ பிபி. அதுதான் பிள்ளைக்கு வந்துவிட்டதா? உப்புப் போட்டுச் சாப்பிடு என்றால் கேட்க மாட்டாள்." (தேவிபட்டினத்திலிருந்து ஒரு அப்பத்தா)

இல்லை அப்பத்தா. அவள் உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவளைத் திட்டாதீர்கள். பால் கறந்து கொடுக்க அவளுக்கு நிம்மதி வேண்டும்.

"கையில் சுற்றும் கஃபில் ஒரு அளவு, தொப்புள் ரத்தக் குழாய்க்குள் விட்ட லைனில் ஒரு அளவு வருகிறது. எதை நம்புவது?" (ஒரு ஸ்டாஃப் நர்ஸ்)

லைனை நம்புங்கள் தங்கச்சி, லைனில் காற்றுக் குமிழி இல்லாமல், அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் நெஞ்சு மட்டத்தில் இருந்தால். கஃப் சின்னதாக இருந்தால் பிரஷர் கூடக் காட்டும். அகலம் கைச் சுற்றளவில் பாதிக்குக் கிட்டே இருக்க வேண்டும். எண் திடீரென்று விழுந்தால் வென்டிலேட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். காற்றழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், மருந்தைக் கூட்டுவதற்கு முன் அதைக் குறைத்தாலே போதும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். டயஸ்டாலிக், அதாவது கீழ் எண், மட்டும் இறங்கினால், பிறந்தபின் மூட வேண்டிய டக்டஸ் என்ற இதயத்தையொட்டிய ரத்தக் குழாய் மூடவில்லையோ என்று டாக்டரிடம் எக்கோ (இதய ஸ்கேன்) கேளுங்கள். பிரஷருக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் ஓடும்போது டக்டஸை மூட இண்டோமெத்தசின் எழுதினால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள், இரண்டும் சேர்ந்தால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து கூடுகிறது.

"டோபமைன் ஆரம்பித்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் பிரஷர் மாத்திரையா?"

இல்லை. பம்ப் நின்ற சில நிமிடத்தில் அதன் வேலையும் நின்றுவிடும். பெரும்பாலும் சில நாளில் குறைத்து நிறுத்திவிடுவோம்.

"மனைவிக்கு 27 வாரம், இடுப்பு வலி விட்டு விட்டு வருகிறது. இப்போது ராமேஸ்வரத்தில் இருக்கிறோம். பிரசவம் ஆனபிறகு மதுரைக்குக் கொண்டுபோனால் போதுமா?"

இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். ராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், மதுரை அதற்குமேல் நூறுக்கும் கூடுதல். அந்தத் தூரத்துக்குத் தாயின் வயிற்றைவிட நல்ல இன்குபேட்டர் எந்த ஆம்புலன்ஸிலும் இல்லை. கிளம்பும் முன் பக்கத்து ஆஸ்பத்திரியில் டெக்ஸாமெத்தசோன் ஊசியின் முதல் டோஸ் கேளுங்கள், கிராம சுகாதார செவிலியர்கூட அதைப் போடலாம். நுரையீரலுக்கு என்றுதான் எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்த ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு பிரஷர் இறங்குவதும் குறைவு. வழியிலேயே பிறந்துவிட்டால், பிள்ளை மூச்சு விடுகிறது என்றால், தொப்புள் கொடியை ஒரு நிமிடம் கழித்து வெட்டச் சொல்லுங்கள், அந்த ரத்தமும் அவனுடையதுதான். கொடியிலுள்ள ரத்தத்தைப் பிள்ளை பக்கம் உருவிவிட வேண்டாம். 28 வாரத்துக்குக் கீழே உருவினால் மூளையில் ரத்தக் கசிவு கூடுகிறது என்று, 2019ல் வெளியான ஒரு ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். பிள்ளையைத் துடைத்து, அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து மூடி, வண்டியில் ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள்.