ஐம்பதை நெருங்கும்போது முகம் திடீரென்று வறண்டு போவது ஹோர்மோனாலா? எந்தக் கிரீம் பூசலாம்?

உங்களுக்கு நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். மாதவிடாய் முன்னே பின்னே வரத் தொடங்கியிருக்கும். ஓம், ஹோர்மோன்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எண்ணெய் முகம். வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கந்தோர் போவதற்குள் துடைத்த லேஞ்சியில் எண்ணெய்த் திட்டு தெரியும். அதனால் முப்பது வருடமாகப் பருவுக்கான சவர்க்காரம், நாளுக்கு மூன்று தடவை. 49 வயதில் மாதவிடாய் நின்றது. அடுத்த வருடமே கன்னம் இழுத்துப் பிடித்தது, சிரித்தால் வாயோரம் செதில் உதிர்ந்தது. அழுக்கென்று நினைத்து இன்னும் தேய்த்துக் கழுவினேன். போதாததற்கு மச்சாளின் பேச்சைக் கேட்டு, லேபிள் ஒழுங்காக இல்லாத வெள்ளையாக்கும் கிரீம் ஒன்றையும் பூசினேன். ஒரு மாதம் பளபளப்பு. நிறுத்திய நாலாம் நாள் மிளகாய்த்தூள் அப்பினது போல எரிந்தது.

தோல் டொக்டர் டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். மெலிகிற தோலை இது இன்னும் மெலியவைக்கும்" என்றார். பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜன் குறையக் குறைய எண்ணெயும் ஈரமும் குறையுமாம். மாதவிடாய் நின்ற முதல் 5 வருடத்தில் தோலை இறுக்கமாக வைத்திருக்கும் புரதமான கொலாஜன் ஏறக்குறைய 30 வீதம் போய்விடுமாம். சிலருக்கு இதே வயதில் தாடையில் பருவும் முடியும் வருவதுண்டு.

இப்போது சவர்க்காரம் கிட்டவே வராது. இரவில் நுரைக்காத கிளென்சர், முகம் ஈரமாக இருக்கும்போதே கிளிசரினும் செரமைடும் (தோலின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கொழுப்பு) உள்ள கிரீம். காலையில் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன், மழை நாளிலும். எரிச்சல் முழுதாக ஆறிய பிறகுதான் சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினோல் (விற்றமின் ஏ வகை), வாரத்தில் இரண்டு இரவு, ஒரு கடலை அளவு. தேங்காய் எண்ணெய் போதாதா என்று வருகிறவர்களுக்கு: எனக்குப் பரு வந்தது, உங்களுக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகப் பூசுங்கள். நான் டொக்டருமில்லை, கிரீம் விற்பவளுமில்லை. ஹோர்மோன் மாத்திரையை மட்டும் முகத்துக்காகவென்று கேட்டுப் போகாதீர்கள், அது டொக்டரோடு ஆறுதலாகக் கதைக்க வேண்டிய விஷயம்.

எரிச்சல் போனது, சுருக்கம் போகவில்லை. 100ஆம் நம்பர் பஸ் கொண்டக்டர்மார் முந்தி சிங்களத்தில் 'நங்கி' (தங்கச்சி) என்பார்கள், பிறகு 'அக்கே', இப்போது 'அம்மே'. சரி, அம்மாவாகவே இருக்கட்டும். அந்த அம்மாவின் மிச்சக்காசை பம்பலப்பிட்டி தாண்டியும் ஏன் தருவதில்லை? கேட்டால் சில்லறை இல்லையாம். கையில் குலுங்குவது என்ன, புளியங்கொட்டையா?