மீட்டர் பார்த்து மாஸ்டரிங்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மாஸ்டரிங், அதாவது மிக்ஸ் முடிந்த பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசி வேலை. அதில் பார்க்கும் மீட்டர்கள் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்து குவிந்ததில் பாதி, "எத்தனை லஃப்ஸ் வைக்கணும்?" என்ற ஒரே கேள்விதான். அதை முதலில் முடித்துவிடுகிறேன். (லஃப்ஸ், LUFS, என்பது காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு. எண் 0வை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்; -9 என்பது -14ஐவிடச் சத்தம்.)

கேள்வி: அண்ணா, ஸ்பாட்டிஃபைக்கு -14 லஃப்ஸ்னு எல்லாரும் சொல்றாங்க. என் பாட்டு -9ல நிக்குது. -14க்கு இறக்கணுமா?

வேண்டாம் தம்பி. -14 என்பது அவர்கள் பாட்டை எந்த அளவில் வைத்து ஓட்டுகிறார்கள் என்பதற்கான எண். நீங்கள் -9ல் கொடுத்தால் வால்யூமை 5 டெசிபெல் குறைத்து ஓட்டுவார்கள், அவ்வளவுதான். அதுவும் எல்லோருக்கும் ஒன்றல்ல. கேட்பவர் செட்டிங்கில் -11, -14, -19 என்று மூன்றில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மொத்தமாக அணைத்தும் விடலாம். ஆப்பிள் மியூசிக் -16ஐ ஒட்டிச் சமன் செய்கிறது. யூடியூப் சத்தமான பாட்டைக் குறைக்கும், மெல்லிய பாட்டை ஏற்றாது. இத்தனை பேருக்கும் பொருந்துகிற ஒரே எண்ணைத் தேடினால் கிடைக்காது.

கேட்க வேண்டியது வேறு: -9க்குக் கொண்டுவர லிமிட்டர் (உச்சங்களை ஓர் எல்லைக்கு மேல் போகாமல் அமுக்கும் கருவி) உங்கள் பாட்டை என்ன செய்தது? அதே மிக்ஸை -12ல் ஒன்று, -9ல் ஒன்று என இரண்டாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். -9 ஃபைலை 3 டெசிபெல் இறக்கி, இரண்டையும் ஒரே சத்தத்தில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். -12ல் ஸ்நேர் டிரம் நெஞ்சில் அடிக்கிறது, -9ல் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் இருக்கிறது என்றால், எந்த லாபமும் இல்லாமல் அடியை இழந்திருக்கிறீர்கள். இல்லை, அந்த இறுக்கம்தான் பாட்டுக்கு அழகு என்றால் -9லேயே விடுங்கள். மெட்டல், இடிஎம் பாட்டுகளை நானே அப்படித்தான் அனுப்புகிறேன்.

கேள்வி: மொமென்ட்டரி, ஷார்ட்-டேர்ம், இன்டெக்ரேட்டட்னு மூணு எண் ஓடுதே, எதைப் பார்க்கணும்?

மொமென்ட்டரி 400 மில்லிசெகண்டின் சராசரி. ஷார்ட்-டேர்ம் 3 செகண்ட். இன்டெக்ரேட்டட் முழுப் பாட்டுக்கும். கணக்கின் அடிப்படை, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ 2006ல் வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற தரநிலை. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் அதை வைத்துத்தான் 2010ல் ஆர் 128 என்ற விதியைப் போட்டு -23 லஃப்ஸ் என்று நிர்ணயித்தார்கள். அது டிவி, ரேடியோவுக்கு. பாட்டை -23ல் மாஸ்டர் செய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

இன்டெக்ரேட்டட் கணக்கில் ஒரு வடிகட்டல் உண்டு. -70க்குக் கீழே உள்ளது கணக்கிலேயே வராது. மிச்சத்தின் சராசரியைவிட 10 அலகுக்கு மேல் தாழ்ந்த பகுதியும் தள்ளப்படும். அதனால் பல்லவிக்கு முன் முப்பது செகண்ட் மெல்லிய ஹம்மிங் இருந்தாலும் எண் அதிகம் அசையாது. நான் அதிகம் பார்ப்பது பாட்டின் உச்சத்தில் ஷார்ட்-டேர்ம் என்ன காட்டுகிறது என்பதைத்தான். ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு அதை ஒப்பிட்டால் உதவும். இன்டெக்ரேட்டட் எண்ணை எல்லாப் பாட்டுக்கும் ஒன்றாக்கினால் தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே சத்தத்தில் நிற்கும், கேட்கச் சகிக்காது.

இன்னொன்று: ஒவ்வொரு தடவையும் ரீசெட் அழுத்திவிட்டு, பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிடுங்கள். பழைய கணக்கோடு சேர்த்து அளந்துவிட்டு "மீட்டர் தப்பு" என்று வருகிறவர்கள் நிறைய.

கேள்வி: ரெண்டு மீட்டர்ல ஆர்எம்எஸ் பார்த்தா சரியா 3 டெசிபெல் வித்தியாசம் வருது. எது பொய் சொல்லுது?

இரண்டும் உண்மைதான். ஆர்எம்எஸ் என்பது அலையின் ஒருவகைச் சராசரி அளவு. உச்சம் 0வைத் தொடும் ஒரு சைன் அலையின் ஆர்எம்எஸ் கணக்குப்படி -3. ஏஇஎஸ்-17 என்ற முறையில் அதோடு 3ஐக் கூட்டி 0 என்று காட்டுவார்கள். உங்கள் ஒரு மீட்டர் அந்த முறையில் இருக்கிறது, செட்டிங்கில் பாருங்கள். யாராவது "ஆர்எம்எஸ் -8ல் வை" என்று சொன்னால் எந்த முறையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: லிமிட்டர் சீலிங் -0.1. சிவப்பு விளக்கு ஒருதடவைகூட எரியல. ஆனா ட்ரூ பீக் மீட்டர் +0.8 காட்டுது. எப்படி சார்?

சீலிங் என்பது லிமிட்டர் தாண்டவிடாத உச்ச அளவு. ஆனால் அது பார்ப்பது சாம்பிள்களை, அதாவது ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்த எண்களை. சாம்பிள்கள் வெறும் புள்ளிகள். ஸ்பீக்கருக்குப் போவது அந்தப் புள்ளிகள் வழியே ஓடும் வளைவு. வளைவின் முகடு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்தால் சாதாரண பீக் மீட்டருக்கு அது தெரியாது. 44,100 சாம்பிள் ரேட்டில் 11,025 ஹெர்ட்ஸ் சைன் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்குச் சரியாக 4 புள்ளி. அந்த நான்கும் முகட்டுக்கு இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்தால், புள்ளிகள் 0வில் நிற்கும்போது உண்மையான முகடு +3 டெசிபெலில் இருக்கும். ட்ரூ பீக் மீட்டர் இடையில் புள்ளிகளைப் பெருக்கி, குறைந்தது நான்கு மடங்காக்கி, அந்த முகட்டைத் தேடுகிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பாட்டை -0.1ல் அனுப்பினேன். பாடியவர் மறுநாள் கூப்பிட்டு, "போன்ல கேட்டா கோரஸ்ல சிம்பல் பொரியுது" என்றார். என் ஸ்டுடியோவில் எத்தனை தடவை கேட்டும் பொரியவில்லை. கடைசியில் மாஸ்டரை எம்பி3யாக மாற்றி அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது: கம்ப்ரஸ் செய்யும்போது அலையின் வடிவம் மாறி, முகடுகள் 0வைத் தாண்டியிருந்தன. என் கன்வெர்ட்டர் (டிஜிட்டலை மின்னலையாக மாற்றும் கருவி) அதைத் தாங்கிக்கொண்டது, அவர் போன் தாங்கவில்லை. அன்றிலிருந்து சீலிங் -1, ட்ரூ பீக் முறையில். ஸ்பாட்டிஃபையும் -1 என்றுதான் சொல்கிறது. -14ஐவிடச் சத்தமான பாட்டுக்கு -2 என்கிறது. இரண்டாவதை நான் எப்போதும் கேட்பதில்லை, ஆனால் எம்பி3, ஏஏசி ஆக்கி ஒருமுறை அளக்காமல் அனுப்புவதும் இல்லை.

கேள்வி: ரெஃபரன்ஸ் பாட்டோட ஸ்பெக்ட்ரம் கர்வை அப்படியே மேட்ச் பண்ணிட்டேன். ஆனாலும் என் பாட்டு கேட்க நல்லா இல்ல.

நல்லா இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஸ்பெக்ட்ரம் கர்வ் என்பது எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று அனலைசர் வரையும் கோடு, அவ்வளவுதான். ரெஃபரன்ஸ் பாட்டின் பேஸ் கிட்டார் 55 ஹெர்ட்ஸ் ஏ-வில் நிற்கிறது, உங்களுடையது 41 ஹெர்ட்ஸ் ஈ-யில் நிற்கிறது என்று வையுங்கள். மேடு வேறு இடத்தில்தான் வரும். நீங்கள் 55ஐத் தூக்கி 41ஐ வெட்டினால், ஸ்ருதியையே வெட்டுகிறீர்கள்.

அடுத்தது ஸ்லோப். பல அனலைசர்கள் அந்தக் கோட்டை ஆக்டேவுக்கு (அலைவரிசை இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 3 அல்லது 4.5 டெசிபெல் சாய்த்துக் காட்டும். இரண்டு பாட்டையும் ஒரே ஸ்லோப்பில்தான் பார்த்தீர்களா?

அதைவிட முக்கியம் எஃப்எஃப்டி சைஸ், அதாவது அனலைசர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளை எடுத்துக் கணக்கிடுகிறது என்பது. 44,100ல் 4096 வைத்தால் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 10.8 ஹெர்ட்ஸ். கிக் 50லும் பேஸ் 41லும் இருந்தால் இரண்டும் ஒரே மேடாகத்தான் தெரியும். 16384 வைத்தால் கட்டம் 2.7 ஹெர்ட்ஸாகச் சுருங்கும், இரண்டும் பிரியும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் 0.37 செகண்ட் ஒலி தேவைப்படும், அதனால் கிக்கின் அடி கலங்கிப்போகும். கீழ்ப்பகுதியைப் பார்க்கப் பெரிய சைஸ், அடியைப் பார்க்கச் சின்னது. மாற்றி மாற்றித்தான் பார்க்கவேண்டும்.

சரி, அனலைசர் எதற்கு? காதுக்கு எட்டாததைக் காட்ட. 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே மைக்கைத் தட்டியது, ஏசி உறுமியது எல்லாம் கிடக்கும். உங்கள் ஸ்பீக்கரில் கேட்காது, லஃப்ஸிலும் அநேகமாகக் கணக்கில் வராது, ஆனால் லிமிட்டரை வேலை வாங்கும். 50 அல்லது 60ல் அசையாமல் நிற்கும் ஊசிக் கோடு கரண்ட் ஹம். "வாவ் ஃபைல்தான் அண்ணா" என்று வந்த டிராக்கில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் காலியாக இருந்தால், அது பெரும்பாலும் எம்பி3யாக இருந்து வாவாக மாறியது. கூப்பிட்டு ஒரிஜினலைக் கேளுங்கள்.

கேள்வி: கோரிலேஷன் மீட்டர் மைனஸ் பக்கம் போனா தப்பா?

இடது, வலது ஒலிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் மீட்டர் அது: +1 என்றால் ஒன்றேபோல், மைனஸ் என்றால் எதிரெதிர். ஒரு நொடி தொட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை, அங்கேயே குடியிருந்தால் தப்பு. இடது, வலதை ஒன்றாகச் சேர்க்கும் மோனோ பட்டனை அழுத்துங்கள். எது காணாமல் போகிறதோ அதுதான் குற்றவாளி, பெரும்பாலும் அகலப்படுத்தும் பிளகின் போட்ட சின்த்.

ஆனால் +0.8 காட்டுகிறது என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள். மொத்த எண்ணைத் தீர்மானிப்பது ஆற்றல் அதிகமுள்ள கீழ்ப்பகுதிதான். பேஸ், கிக் நடுவில் இருந்தால் மீட்டர் சிரிக்கும். மேலே சின்த் முழுக்க ஃபேஸ் கெட்டு, அதாவது இடது, வலது அலைகள் எதிரெதிராகிக் கிடக்கும். (பேஸும் ஃபேஸும் குழம்பிப்போகும் அவஸ்தை நம் மொழியில் தனி.) அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் மீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் 2 கிலோஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டுப் பாருங்கள், பிறகு மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காசில்லாம எது நல்லது? எங்க போடணும்?

வாக்ஸெங்கோ ஸ்பான் என்ற அனலைசர், யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு. இரண்டும் போதும். எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் பஸ்ஸில் கடைசியாக, லிமிட்டருக்கும் பின்னால் போடுங்கள். ரூம் கரெக்ஷன் மென்பொருளை மாஸ்டரிலேயே போட்டிருந்தால் மீட்டர் அதற்கு முன்னால் இருக்கட்டும், எக்ஸ்போர்ட்டுக்கு முன் கரெக்ஷனை அணையுங்கள். அணைக்காமல் அனுப்பினால், உங்கள் அறையின் குறையை ஈடுகட்டப் போட்ட ஈக்யூ கேட்பவர் அறைக்கும் போய்ச் சேரும்.

கேள்வி: பிட் மீட்டர் தேவையா?

ஃபைலில் எத்தனை பிட் உண்மையில் வேலை செய்கிறது என்று காட்டும் மீட்டர் அது. தினமும் தேவையில்லை. 24 பிட் என்று வந்த ஃபைலில் கடைசி 8 பிட் அசையவே இல்லை என்றால், அது 16 பிட்டுக்குப் பூஜ்ஜியம் ஒட்டியது. அதைக் கண்டுபிடிக்க உதவும்.

கேள்வி: அண்ணா, மீட்டரைப் பார்க்காம என்னால வேலையே செய்ய முடியல. கண்ணு அங்கயே போகுது.

எனக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. நான் செய்வது இதுதான்: முதல் தடவை மானிட்டர் திரையை அணைத்துவிட்டு, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்பேன். "0:48 ஸ் உறுத்துது", "1:30 பேஸ் ஒரு சுரத்தில் மட்டும் வீங்குது" என்று நேரத்தோடு எழுதுவேன். பிறகுதான் திரை. 0:48க்குப் போய் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை பார்ப்பேன். அங்கே மேடு இருந்தால் எங்கே வெட்டலாம் என்று மீட்டர் சொல்லிவிடும். மேடே இல்லை என்றால் எழுதியதை அடிக்கமாட்டேன். மறுநாள் காலை, காபிக்கு முன்னால், அந்த 0:48ஐ மட்டும் திரும்பக் கேட்பேன்.